கார்னெட்: மாணிக்கம் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

சிவப்பாக ஒரு கல் கண்ணில் பட்டால் நம் வாயில் முதலில் வருவது ‘மாணிக்கம்’, இல்லையென்றால் ‘கெம்பு’. கார்னெட் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பழக்கத்திலிருந்தே கிளம்புகின்றன.

மாணிக்கம் குருந்தக் கல், அதாவது அலுமினியம் ஆக்சைடு. கார்னெட் சிலிக்கேட் வகை, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். இரண்டுக்கும் உறவே இல்லை. நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். பதிக்காத கல் கையில் இருந்தால் ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். கிண்ணத் தண்ணீரில் சிறு தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் கல்லை வைத்து, பக்கத்தில் நியோடிமியம் என்ற சக்தி மிகுந்த காந்தத்தைக் கொண்டுபோங்கள். இரும்பு மிகுந்த அல்மண்டைன் கார்னெட் மெல்ல நகர்ந்து வரும். மாணிக்கம் அசையாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் இதற்குப் போதாது. பெரிய தொகை கொடுத்து வாங்குவதாக இருந்தால் ஆய்வகச் சான்றிதழ்தான் வழி.

அடுத்து ராசிக்கல். ஜோதிடப்படி மாணிக்கம் சூரியனுக்கு, கோமேதகம் ராகுவுக்கு. அந்தத் தேன் நிறக் கோமேதகமும் ஹெஸ்ஸோனைட் என்ற கார்னெட்தான். எனவே ‘கார்னெட்’ என்று மட்டும் சொல்லிக் கேட்டால் சிவப்புக் கல்லை நீட்டக்கூடும். கார்னெட் என்றாலே சிவப்பு என்பதும் தவறு. கென்யா, தான்சானியாவில் கிடைக்கும் சாவோரைட் என்ற கார்னெட் பச்சை. பலன் உண்டா இல்லையா என்பது உங்கள் நம்பிக்கை. கேட்ட கல்தானா என்று பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

பராமரிப்பில்தான் கை நிறையத் தவறு. கற்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் மாணிக்கத்தின் கடினம் 9, கார்னெட் 6.5 முதல் 7.5 வரை. வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம் 7. அதனால் தூசி படிந்த மோதிரத்தைப் புடவை முனையால் அழுத்தித் துடைத்தால் நாளடைவில் பளபளப்பு மங்கும். முதலில் தண்ணீரில் அலசுங்கள்; அப்புறம் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அவ்வளவு போதும். நீராவியில் சுத்தம் செய்யவே வேண்டாம். திடீர்ச் சூட்டில் கல்லில் விரிசல் விழலாம். தட்டான் வளையத்தைப் பற்றவைக்கப் போகிறார் என்றால் கல்லைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். வைரம், நீலம், மாணிக்கம் கிடக்கும் அதே டப்பாவில் போட்டு வைத்தால் கீறல் விழுவது கார்னெட்டில்தான்.

பாட்டி காலத்து நகைக்கு இந்தச் சோப்புத் தண்ணீர்கூட ஆகாது. பின்பக்கம் மூடி, அரக்கு நிரப்பி, கல்லுக்கு அடியில் தகடு வைத்துச் செய்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்து, கல்லே செத்துப்போனதுபோல் தெரியும். ஈரம் லேசாகப் பட்ட துணியால் மேற்பக்கத்தை மட்டும் துடையுங்கள்.

பெரிய கல்தான் அழகு என்று நினைப்பதும் இங்கே பலிக்காது. அல்மண்டைன் பெரிதாகப் பெரிதாகக் கறுத்துக்கொண்டே போகும். கடை விளக்கில் ஒயின்போல மின்னியது வீட்டில் வெறும் கரியாகத் தெரியலாம். வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் காலத்தில் இதற்காகவே கல்லின் அடிப்பக்கத்தைக் குடைந்து, வெளிச்சம் ஊடுருவ வைத்தார்கள். பைபிளில் வரும் நோவாவின் பேழைக்குள் இரவெல்லாம் விளக்காக எரிந்தது கார்னெட் என்று கதை சொல்வதும் இந்தக் கல்லைப் பற்றித்தான்!