காலிப் பின்கள் திரும்பி வந்த கதை

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நாங்கள் செய்யும் ரப்பர் புஷ், கேஸ்கெட் எல்லாம் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலைக்குப் போகின்றன. லாரி எங்களுடையது அல்ல. தொழிற்சாலை அமர்த்திய லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் மில்க் ரன் முறையில் நாலைந்து சப்ளையரிடம் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

தலைவலி சரக்கில் இல்லை, சரக்கு வைத்து அனுப்புகிற பிளாஸ்டிக் பெட்டிகளில், அதாவது காலி பின்களில் (bin). போனது திரும்பாது. பின் இல்லையே என்று அட்டைப்பெட்டியில் அனுப்பினால் அங்கே பின்னுக்கு மாற்றுகிற கூலியை நம் பில்லில் கழிப்பார்கள்.

ஆளாளுக்குக் கை காட்டினார்கள். விசாரித்தால், வழியில் உள்ள கிடங்கில் மற்றவர்களின் பின்களோடு கலந்து கிடந்தன. எல்லாமே நீலம்! யாருடையது என்று எவருக்குத் தெரியும்?

எங்கள் பின்களுக்கு மஞ்சள் பட்டை அடித்து வரிசை எண் போட்டோம். திரும்ப வேண்டியவை என்று தனி டெலிவரி சலான். அதில் டிரைவரும் கிடங்குக்காரரும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், ஏற்றுகிற அளவுக்குக் காலி இறங்க வேண்டும். குறைந்தால் அன்றைக்கே போட்டோவோடு மெயில்.

"எனக்கு எதுக்குண்ணே இந்த எண்ணுற வேலை?" என்று டிரைவர் முறைத்தார். நியாயம்தான். டீ வாங்கிக் கொடுத்து, கூட நின்று எண்ணினேன்.

இப்போதும் மாதக் கடைசியில் ஒன்றிரண்டு குறையும். அதை லாஜிஸ்டிக்ஸ் நிறுவனமே ஈடு செய்யச் சம்மதித்திருக்கிறது.