லைடார் வாங்கும் முன் சக்கரத்தை அளந்துவிடுங்கள்

பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் 31 வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். இப்போது பேத்தியோடும் அவள் தோழிகள் மூவரோடும் வீட்டுக் கூடத்தில் ரோபோ வண்டி கட்டுகிறேன். எடுத்த எடுப்பிலேயே லைடார் வாங்கி மாட்டினோம்; லேசரால் சுற்றியுள்ள தூரத்தை அளந்து, வண்டி வரைபடம் போட உதவும் கருவி அது. வரைபடத்தில் கூடத்துச் சுவர் ஒன்று இரண்டாக விழுந்தது. பத்து நாள் நிரலில் தேடினோம். தப்பு சக்கரக் கணக்கில் இருந்தது; அதாவது, சக்கரம் சுற்றியதை வைத்து எவ்வளவு போனோம், எவ்வளவு திரும்பினோம் என்று வண்டி போடும் கணக்கில்.

திறந்த மூல வண்டிகளில் பலரும் அறிந்தது 2010-ல் வில்லோ கராஜ் என்ற அமெரிக்க ரோபோ நிறுவனத்தில் பிறந்த டர்டில்பாட். நாங்கள் எடுத்துக்கொண்டது லினோரோபாட்2. நிரல் இலவசம், ராஸ் 2 என்ற ரோபோ மென்பொருளில் ஓடும், உதிரிகளை நாமே வாங்கிச் சேர்க்கலாம்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குக் கூட்டம் சேரும் முன் போங்கள். என்கோடர் (சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவி) வைத்த கியர் மோட்டார் இரண்டு, ஒரே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), ஒரே கியர் ரேஷியோ என்று கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் பலகைதான் டிரைவர். எல்298என் டிரைவர் மலிவுதான், ஆனால் சுமார் 2 வோல்ட் அதற்குள்ளேயே சூடாகப் போய்விடும். மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வைத்த டிரைவர் நல்லது.

வண்டியைக் கட்டியதும் முதலில் என்கோடர். சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுக் கையால் 10 சுற்று சுற்றுங்கள். என்கோடர் காட்டும் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்து, ஒரு சுற்றுக்கான எண்ணிக்கையாக அதையே நிரலில் போடுங்கள்.

அடுத்தது விட்டம். எங்கள் சக்கரம் காலிப்பரில் 65 மிமீ காட்டியது. பேட்டரி ஏறி உட்கார்ந்ததும் ரப்பர் அமுங்கிவிடும். அதனால் முழு எடையோடு, வண்டியின் கணக்குப்படி 2 மீட்டர் நேராக ஓட்டி, டேப் வைத்துப் பார்த்தோம்: 1.94 மீட்டர்தான் போயிருந்தது. 65-ஐ 1.94-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 63.05 மிமீ. வண்டி நம்ப வேண்டிய விட்டம் அதுதான்.

விட்டம் சரியான பிறகுதான் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் போக வேண்டும். "டேப் வெச்சு அளந்தா போதாதா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. டயரின் அகலமே 26 மிமீ; அதில் எந்த இடம் தரையைப் பிடித்துத் திரும்புகிறது என்று டேப்புக்குத் தெரியாது. வண்டியை நின்ற இடத்திலேயே 10 சுற்று சுற்றச் சொல்லுங்கள். எங்கள் வண்டி 3600 டிகிரி முடித்ததாகச் சொன்னது. தரையில் பார்த்தால் கால் சுற்று குறைவு, 3510. நிரலில் இருந்த இடைவெளியான 160 மிமீயை 3600-ஆல் பெருக்கி 3510-ஆல் வகுத்தோம். 164.1 வந்தது. பத்துச் சுற்று எதற்கென்றால், ஒரு சுற்றில் அந்தக் குறை 9 டிகிரிதான், கண்ணுக்குத் தப்பிவிடும்.

கடைசியாகச் சதுரம். 2 மீட்டர் பக்கத்தில் வலமாக ஐந்து முறை, இடமாக ஐந்து முறை ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டினால், இரு சக்கர விட்டங்களின் வித்தியாசம், இடைவெளித் தப்பு என்ற இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்து, வண்டி சரியாக வந்து சேர்ந்தது போலவே காட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டைனும் ஃபெங்கும் 1990-களிலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். இந்த ஒரு சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இரண்டு திசையிலும் வண்டி புறப்பட்ட குறிக்கு நாலு விரற்கடைக்குள் திரும்பி வந்து நின்ற அன்றுதான் லைடாரை மறுபடி மாட்டினோம். கூடத்துச் சுவர் ஒரே கோடாக விழுந்தது.