'வே டவுன் ஈஸ்ட்' பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித் 1920இல் எடுத்த இந்த மௌனப் படத்தைப் பலர் கடைசிக் காட்சிக்காகவே தேடுகிறார்கள். ஆற்றில் உடைந்து ஓடும் பனிப்பாளத்தின் மேல், நாயகி அன்னாவாக நடித்த லிலியன் கிஷ் மயங்கிக் கிடப்பார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலக் கடுங்குளிரில், நிஜ ஆற்றில் எடுத்தது. கையும் தலைமுடியும் தண்ணீரில் கிடக்கட்டும் என்பது கிஷ்ஷே சொன்ன யோசனை. ஆனால் அந்தத் துண்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அன்னா எப்படி அந்தப் பனிக்கு வந்து சேர்ந்தாள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அன்னா ஏழைப் பெண். உதவி கேட்டு பாஸ்டனில் உள்ள பணக்கார உறவினர் வீட்டுக்குப் போகிறாள். அங்கே சாண்டர்சன் என்ற செல்வந்தன் போலித் திருமணம் செய்து அவளை ஏமாற்றுகிறான். அவள் கர்ப்பமானதும் கைவிடுகிறான். பிறந்த குழந்தையும் இறந்துபோக, பார்ட்லெட் என்பவரின் பண்ணை வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது: எல்லாப் பழியையும் சாண்டர்சன் மேல் போட்டுவிடுகிறோம். அவன் அயோக்கியன், சரி. பார்ட்லெட்டோ ஊர் மதிக்கும் பெரியவர், பக்திமான். அன்னாவின் கடந்தகாலம் காதில் விழுந்ததும் பனிப்புயலில் வெளியே போகச் சொல்கிறார். அதே மேசையில் சாண்டர்சன் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறான்! அவனைச் சுட்டிக்காட்டி, இவனைப் பற்றியும் விசாரித்தீர்களா என்று அன்னா கேட்கிறாள். எனக்குப் பனியாற்றை விட இந்தக் காட்சிதான் பெரிது. பணமுள்ள ஆணிடம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன காட்சிகள் குறைவு.

அப்புறம், மௌனப் படம் என்றாலே மிகை நடிப்பு என்று முடிவுகட்டுவது. ஊர்க்காரர்களின் நகைச்சுவைப் பகுதி இன்று சலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சாகும் குழந்தைக்கு அன்னா தானே ஞானஸ்நானம் கொடுக்கும் காட்சியில் கிஷ்ஷின் முகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு துளி மிகை கிடையாது.

பிரதியையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மௌனப் படங்களைப் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்களுக்கு (ஃபிரேம்) குறைவான வேகத்தில்தான் எடுத்தார்கள். 24இல் ஓட்டினால் மனிதர்கள் துள்ளி ஓடுவார்கள், துயரக் காட்சிகூடச் சிரிப்பாகிவிடும். வெட்டிச் சுருக்கிய பிரதிகளும் உலவுகின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்த பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள்; சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும். ஒலியை அணைத்துவிடாதீர்கள், அந்தக் காலத்திலும் இசையோடுதான் திரையிட்டார்கள்.