போனில் எலும்பு முறிவைச் சொல்லும் முறை

கூடலூர்ப் பக்கம் கேஷுவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊட்டியில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் “சார், கால் உடைஞ்சிருக்கு” என்று மட்டும் சொன்னால் போதாது. எக்ஸ்ரேயைப் பார்க்காமலே அவர் மனதில் அந்தக் கால் வந்து நிற்கவேண்டும். அதைப் பொறுத்துத்தான் ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்.

வயது, வலதா இடதா, எந்த எலும்பு என்று ஆரம்பியுங்கள். அடுத்த நொடியே காயம் உண்டா என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு மழைநாளில் பந்தலூர்த் தோட்டத்தில் கொழுந்து பறித்த அக்கா ஒருவர் சரிவில் வழுக்கி விழுந்து வந்தார். கணைக்கால் வளைந்திருந்தது. அதன்மேல் அரிசி அளவுக்கு ஒரு ரத்தப்பொட்டு. அட்டை கடித்த இடம் என்றுதான் நினைத்தேன். துடைக்கத் துடைக்கக் கசிந்தது. லைட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தால், ரசத்தில் எண்ணெய் மிதப்பதுபோல ரத்தத்தில் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள்! எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது அது. அப்படியென்றால் ஓபன் முறிவு, அதாவது முறிந்த இடம்வரை தோல் திறந்திருக்கிறது. சுத்தமான துணி போட்டு மூடி, டாக்டரிடம் சொல்லி ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்கவேண்டும். 1976-இல் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற எலும்பு டாக்டர்கள் ஓபன் முறிவுகளுக்கு வகுத்த கணக்கில் 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுத்தமான காயம் முதல் கிரேடு. ஆனால் உள்ளே எவ்வளவு சேதம் என்பது தியேட்டரில்தான் தெரியும். நீங்கள் அளவை மட்டும் சொல்லுங்கள்.

எலும்பை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து முறிந்த இடத்தைச் சொல்லுங்கள். குறுக்காகவா, சாய்வாகவா, முறுக்கியா, நொறுங்கியா என்பது அடுத்து. விலகலைச் சொல்லும்போது மேல்துண்டு அசையாமல் நிற்பதாக வைத்துக்கொண்டு, கீழ்த்துண்டு போன பக்கத்தைச் சொல்லவேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மாற்றிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் நேர்ப்படம், பக்கப்படம் இரண்டும் வேண்டும். மேல்மூட்டும் கீழ்மூட்டும் தெரியவேண்டும்.

அன்று நான் சொன்னது: “45 வயது, வலது டிபியா (கணைக்காலின் பெரிய எலும்பு), கீழ் மூன்றிலொரு பங்கில் சாய்வான முறிவு. கீழ்த்துண்டு வெளிப்பக்கமாக அரை எலும்பு அகலம் நகர்ந்திருக்கு. முன்னால் அரை சென்டிமீட்டர் காயம், ஓபன். பாதத்தில் நாடி கிடைக்குது, விரல் அசையுது, உணர்ச்சி இருக்கு.”

ஊட்டிக்கு வண்டி கிளம்பிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். கூடப் போகிறவர் வழியில் நடுவட்டம் ஊரில் நிறுத்தி, கால்விரலை மெல்ல நீட்டிப் பார்க்கட்டும். துடிக்கிற மாதிரி வலித்தால் காலுக்குள் வீங்கி அழுத்தம் ஏறுகிறதோ என்று சந்தேகப்பட்டு, நாடி நன்றாகக் கிடைத்தாலும், சுற்றிய கட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி டாக்டருக்குப் போன் போடச் சொல்லுங்கள்.