டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கோயில் சமையற்கட்டில் தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலை மாறி வரும் நம்மவர்கள் பலர், வந்து சில மாதமாகியும் அலுவலக நண்பர்களைத் தவிர யாரையும் தெரியாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். சாமி கும்பிட்டதும் கிளம்பிவிடாமல், பின்பக்கம் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய், "ஆன்ட்டி, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

அங்கே நாலைந்து பெண்கள் ஒரு பெரிய பேசினைச் சுற்றி உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருப்பார்கள். பெயர் கேட்டால் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்பார்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். தேவாரத்தை ஆங்கில எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டு பாடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள். அவர்களே கேட்கும்போது சொல்லிக் கொடுங்கள். கட்டாயம் ஒருநாள் கேட்பார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போதும், தைப்பூசக் காவடியின்போதும் எத்தனை கை இருந்தாலும் போதாது. பாத்திரம் கழுவ ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் அடுத்த வாரம் உங்களைத் தேடுவார்கள்.

இந்த உழைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் பிள்ளைகளுக்கு அரசு போதிய பள்ளிகள் கட்டவில்லை. கையிலிருந்த காசைப் போட்டு, அரசிடம் பாதி வாங்கி, தாங்களே கட்டினார்கள். பிறகு 1950-இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் குடும்பங்களைப் பிடுங்கி டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் போட்டது. அங்கேயும் கோயிலை, சங்கத்தை, முதியோர் உதவியை எல்லாம் முதலிலிருந்து உண்டாக்கினார்கள். நாம் உட்கார்ந்து சாப்பிடும் பந்தி அவர்கள் போட்டது.

முதியவர்களோடு பேசப் பிடிக்குமென்றால், 1921-இல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் என்ற ஆதரவு இல்லம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. சின்ன வயதில் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பாட்டிகளுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஒரு ஆள் வந்தாலே முகம் மலர்ந்துவிடும். ரத்தம் கொடுப்பதும் எளிது: 50 கிலோவுக்குக் குறையாத எடை வேண்டும், 56 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். மலேரியா உள்ள ஊருக்குப் போய்வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ் வகுப்பு எடுக்க ஆசையா? குழந்தைகளோடு பழகும் வேலைக்கு முன்பு, பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று சரிபார்ப்பார்கள். கோபப்பட வேண்டாம், அது எல்லோருக்கும் உண்டு. ஆனால் வருஷம் முழுக்க வர முடியுமென்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பாதியில் ஆசிரியர் காணாமல் போனால் பிள்ளைகள் அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

நம்மவர் வட்டத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் உயிர்கள் போயின. இந்தியர்களுக்கும் கறுப்பின அண்டை வீட்டாருக்கும் நடுவே விழுந்த கசப்பு ஆழமானது. 2022 ஏப்ரல் வெள்ளம் நானூறுக்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போனபோது இரு தரப்பும் இழந்தது. அதனால் தகரக் குடிசைப் பகுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் குழு எதுவோ அதில் சேருங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1992-இல் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் தொடங்கிய கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் என்ற தொண்டு நிறுவனம், மதம் இனம் பார்க்காமல் உதவுகிறது. ஜூலை 18, மண்டேலா பிறந்தநாளில், அவருடைய 67 வருடப் பொதுவாழ்வுக்காக 67 நிமிடம் உழைப்பது இங்கே வழக்கம். புதிதாக நுழைய நல்ல நாள். ஜூலு மொழியில் "சவுபோனா" என்று வணங்கி, "சியபோங்கா" என்று நன்றி சொல்லப் பழகுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். சம்பளமில்லாத வேலைதானே என்று விடாமல் விசா நிபந்தனையைப் படித்துவிடுங்கள். மாலை இருட்டுவதற்குள் திரும்புங்கள்; கார் இல்லையென்றால் சமையற்கட்டிலேயே லிஃப்ட் கேளுங்கள், யாராவது கட்டாயம் உங்கள் வழியாகத்தான் போவார்கள்.