செட்டிநாட்டுப் பக்கம் தோப்பில் கேபின் எடுக்கப் போகிறீர்களா? கூரையிலிருந்து தொடங்குங்கள்

சென்னையில் இருக்கும் அண்ணன் பிள்ளைகளுக்குத் தோப்பில் தங்க வேண்டும், ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார வேண்டும். அப்பத்தாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தைக்கும் எண்பது வயதுக்கும் சேர்த்து ஒத்துவருகிற ஒரு கேபினைக் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் தேடிப் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அப்போது தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஆப்பில் எப்படித் தேடுவது, பணம் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மார்கழியும் தையும்தான் முதல் தேர்வு. மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், விடியற்காலையில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர் இருக்கும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் அப்போது பார்க்கலாம். 1977-ல் சரணாலயம் ஆன இடம் அது. பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் கேபின் எடுத்தால் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தையில் மூன்று விஷயங்களை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்: பொங்கல் விடுமுறை, சிராவயல் மஞ்சுவிரட்டு, குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் போகும் தைப்பூசப் பாதயாத்திரை. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்த நாளையே எடுங்கள். அமைதி தேடி வருகிறவர்கள் ஒரு வாரம் தள்ளி வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் வருவதென்றால் அடுத்த படியை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: கூரை

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதில்தான். படத்தில் எல்லாக் கேபினும் அழகாகத்தான் இருக்கும். தொங்கும் விளக்கு, வெள்ளை மெத்தை, வாசலில் மூங்கில் நாற்காலி. கூரை எதனால் ஆனது என்று ஒரு வரி எழுதியிருக்க மாட்டார்கள்.

நம் பகுதி ஏறக்குறைய பத்து டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறக்கும் வாரத்தில் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆவணியில் மறுபடி ஒருமுறை அப்படி நிற்கும். அந்த நாட்களில் சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. கீழே படுத்திருக்கிறவருக்கு அது அப்படியே இறங்குகிறது.

தகர ஷீட் போட்ட கேபின் காலை பதினொரு மணிக்கெல்லாம் அனலடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் மெல்லிய தகடு, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். பகல் முழுக்க ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திருமயம் என்று சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்களுக்கு இது போதும். மத்தியானம் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டியவர்களுக்கு ஆகாது. கான்கிரீட் தளம் இதற்கு நேர்மாறு. பகலில் தாங்கும், வாங்கிய சூட்டை ராத்திரியில் விடும். மின்விசிறியைப் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். மேலே தட்டோடு பதித்தோ வெள்ளை அடித்தோ இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கன்டெய்னர் கேபினில் கூரை மட்டுமல்ல, சுவரும் இரும்பு. 20 அடி நீளம், 8 அடி அகலம் என்று சொல்வார்கள். அது வெளிப்பக்க அளவு. வெப்பத்தைத் தடுக்க உள்ளே இன்சுலேஷன் வைத்துப் பலகை அடித்தால் அகலம் இன்னும் குறையும். பெரிய கட்டில் போட்ட பிறகு நடக்க எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று கேளுங்கள். இன்சுலேஷன் இல்லாத கன்டெய்னரைக் கோடையில் எந்த விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

பஃப் பேனல் என்று சொல்கிறார்களே, அது இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாலியூரித்தேன் நுரை அடைத்தது. ஏசி போட்டால் சீக்கிரம் குளிரும், குளிர்ச்சி நிற்கும். ஆனால் ஏசியை நம்பி ஜன்னலைச் சின்னதாக வைத்திருந்தால், கரண்ட் போன பத்தாவது நிமிடம் உள்ளே புழுக்கம் தாங்காது. ஏ எழுத்து வடிவக் கேபின் இன்ஸ்டாகிராமில் பார்க்க ஜோராக இருக்கும். சரிந்த சுவர் என்பதால் ஓரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. மேலே மச்சில் மெத்தை போட்டிருப்பார்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் அந்த வீட்டிலேயே அதிகம் வேகிற இடம் அதுதான். ஏணி ஏறும் வயதுப் பிள்ளைகள் அங்கேதான் படுப்பேன் என்று அடம்பிடிக்கும்.

கீற்றுக் கொட்டகை குளிர்ச்சிக்கு நல்லது. எலி, அணில் தொல்லையும் நெருப்புப் பயமும் உண்டு. கீற்று எந்த வருஷம் மாற்றியது என்று கேட்காமல் மழைக்காலத்தில் எடுக்க வேண்டாம்.

என் தேர்வு ஓட்டுக்கூரை. சீமை ஓடு, உள்ளே மூங்கில் பாயோ மரப்பலகையோ அடித்துக் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்க வேண்டும். முன்னால் ஆறடியாவது திண்ணை வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள், காரணம் தானாகப் புரியும். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் பதித்த கூரை, கனத்த சுண்ணாம்புச் சுவர், நடுவில் வானம் பார்த்த வளவு (முற்றம்), முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் கதவுகள். ஏசி இல்லாத காலத்தில் இந்த மண்ணுக்கென்று கட்டியது. கேபின் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மேலே சூட்டைத் தடுக்க ஒரு அடுக்கு, எதிரெதிரே இரண்டு திறப்பு, வெயில் நேராகச் சுவரில் விழாமல் ஒரு தாழ்வாரம். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

சரி, தூரத்திலிருந்து இதை எப்படித் தெரிந்துகொள்வது? மத்தியானம் இரண்டரை மணிக்கு வீடியோ காலில் கூப்பிடுங்கள். முதலாளியை விடத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேசுவது நல்லது. "அண்ணே, கேபினுக்கு உள்ளே நின்னுக்கிட்டே பேசுங்க, அப்படியே உள்பக்கச் சுவரில் கையை வெச்சுப் பாருங்க" என்று ஒருவரிடம் கேட்டேன். "வேணாம் தம்பி, மத்தியானத்துல உள்ள இருக்க முடியாது, நாங்களே மாமரத்தடியில கட்டிலப் போட்டுத்தான் படுப்போம்" என்றார். அந்த நல்ல மனுஷனுக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடம் பார்த்தேன். இந்த ஒரு அழைப்பிலேயே உள்ளே சிக்னல் எடுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

படி 3: திசையும் சுற்றுப்புறமும்

முதலாளி அனுப்பும் படங்களை விட கூகுள் மேப்பின் சாட்டிலைட் காட்சியைத்தான் நான் நம்புகிறேன். கூரை மேல் மரநிழல் விழுகிறதா, கட்டிலறை மேற்கு பார்த்து இருக்கிறதா, பக்கத்தில் கோழிப்பண்ணையோ அரிசி ஆலையோ கல்குவாரியோ இருக்கிறதா என்று அதில் பார்த்துவிடலாம். அந்தப் படம் சில சமயம் பழையதாக இருக்கும், அதனால் மரங்கள் இன்னும் நிற்கின்றனவா என்று வீடியோவில் சரிபாருங்கள். மேற்குச் சுவர் சாயங்கால வெயில் முழுக்க வாங்கும். அந்தப் பக்கம் குளியலறையோ சமையலறையோ இருந்தால் பரவாயில்லை.

விருந்தினர் கருத்துகளைப் படிக்கும்போது ஏப்ரல், மே மாதத்தில் எழுதியதை மட்டும் முதலில் தேடுங்கள். டிசம்பரில் வந்தவர் "அருமையான குளிர்ச்சி" என்று எழுதியது மே மாதத்துக்கு உதவாது.

படி 4: கரண்டும் தண்ணீரும்

"இன்வெர்ட்டர் இருக்கு" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். எதெல்லாம் அதில் ஓடும் என்று கேளுங்கள். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் முடித்துவிடும். 150 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் இரண்டு சாதாரண விசிறியும் ஒரு விளக்கும் ஆறேழு மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் பிஎல்டிசி விசிறி என்றால் விடிய விடிய ஓடும். ஏசிக்கு வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது, ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் அது கேபினிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள், சத்தமும் புகையும் உண்டு.

கரண்ட் போனால் மோட்டாரும் ஓடாது. மேல்தொட்டியில் இருக்கும் தண்ணீர்தான் கணக்கு. கறுப்புத் தொட்டி வெயிலில் நின்றால் மத்தியானம் குழாயில் கொதிக்கிற தண்ணீர் வரும், கைக்குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது. காலையிலேயே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடச் சொல்லுங்கள். குடிக்க கேன் தண்ணீர் வைப்பார்களா என்பதும் ஒரு கேள்வி.

பெரியவர்கள் வந்தால் கழிப்பறை கேபினோடு ஒட்டி இருக்க வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருக்க வேண்டும், வாசற்படி உயரமாக இருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

படி 5: பூச்சி, பாம்பு, இருட்டு

பயமுறுத்த எழுதவில்லை. தோப்பு என்றால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் ஊரில் உண்டு. கட்டுவிரியன் ராத்திரி நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களை அது கடிப்பது அதிகம், கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால் எத்தனை பேர் வந்தாலும் எல்லாருக்கும் கட்டில் வேண்டும். "கீழே பாய் போட்டுக்கலாம்" என்று சொல்லும் இடம் வேண்டாம். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டால் கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு.

கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா, குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்குச் சல்லடை மூடி இருக்கிறதா, விறகைச் சுவரோரம் அடுக்கியிருக்கிறார்களா என்று போனதும் பாருங்கள். கை டார்ச்சை விட நெற்றியில் கட்டும் டார்ச் வசதி, இரண்டு கையும் சும்மா இருக்கும். காலில் செருப்பு இல்லாமல் யாரும் வெளியே இறங்கக் கூடாது. சீமைக் கருவேல முள் வேறு கிடக்கும்.

யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். எந்த மருத்துவமனை பக்கம், எத்தனை நிமிடம் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மேப்பில் பார்த்து வைத்துவிடுங்கள்.

படி 6: பாதை, சாப்பாடு, பணம்

கேபின் வாசலில் நின்று லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். ஆப்பில் இருக்கும் புள்ளி சில சமயம் ஊர் நடுவில் கொண்டுபோய் விடும். கடைசியில் செம்மண் பாதை இருந்தால், மழைக்காலத்தில் தாழ்வான கார் உள்ளே வருமா என்று கேளுங்கள்.

சாப்பாடு ஆளுக்கு எவ்வளவு, குழந்தைக்குத் தனியா, கூடுதல் மெத்தைக்குக் காசா, வர முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கவுனி ஊற நேரம் எடுக்கும்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்கு

நெருப்பு மூட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கருவேல விறகு நன்றாக நின்று எரியும். கீற்றுக் கூரையிலிருந்தும் காய்ந்த மட்டைக் குவியலிலிருந்தும் நன்றாகத் தள்ளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மூட்டுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும். படுக்கப் போகும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் இருந்தால் தகரக் கூரை பரவாயில்லையா என்று ஒருவர் கேட்டார். தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால் நல்ல வித்தியாசம் தெரியும். முழுக்க அடைத்திருந்தால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். திறப்பில் கம்பிவலை இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் எலி குடியேறிவிடும்.

சொந்தக் கூடாரம் கொண்டுவந்து தோப்பிலேயே அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: முதலாளி சம்மதித்தால் அடிக்கலாம், மார்கழியில் அது இன்னும் சுகம். கண்மாய்க்குள்ளும் ஓடைக்குள்ளும் வேண்டாம், மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும். தென்னை மரத்துக்கு அடியிலும் வேண்டாம், தேங்காயும் மட்டையும் எந்த நேரமும் விழும். மாமரம், புளியமரம் இருக்கும் பக்கமாக, காய்ந்த கிளை தலைக்கு மேல் இல்லாத மேட்டு இடமாகப் பார்த்து அடியுங்கள்.