செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கோளாறுக் கோடை (code) உடனே அழித்துவிடாதீர்கள்

பழைய கார் வாங்கி மூன்றாவது வாரம், டாஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி0171 என்ற கோளாறு எண், அதாவது கோடு, வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் அதே விளக்கு, அதே கோடு. இன்னொரு சென்சார் போட்டார்கள், அதுவும் பயன்படவில்லை. மூன்றாவது தடவை நானே பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், எஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே அனுப்பும் பி.சி.வி. ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தேன். வளைவின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கோடு எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. கம்ப்யூட்டர் எதைக் கண்டு சந்தேகப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மற்றதெல்லாம் அப்புறம். கடுமையான மிஸ்ஃபயர் நடக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். மின்னாமல் நிலையாக எரிந்தால், வண்டியும் இயல்பாக ஓடினால், நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கிறது.

இதற்கு ஒரு சிறிய ப்ளூடூத் ஸ்கேனரும் போனில் ஒரு செயலியும் போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் டீசலுக்கு 2004 முதலும் வண்டியே தன் கோளாறைக் கண்டு சொல்லும் இந்த ஓ.பி.டி. முறை கட்டாயம். கோடை மட்டும் காட்டும் கருவியை வாங்காதீர்கள். லைவ் டேட்டாவும் (எஞ்சின் ஓடும்போதே வரும் அளவுகள்) ஃப்ரீஸ் ஃப்ரேமும் காட்ட வேண்டும்.

ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது கோடு பதிவான நொடியில் கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பு. வேகம், ஆர்.பி.எம்., கூலன்ட் வெப்பம், எஞ்சின் லோடு எல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். அதனால் முதலில் எல்லாத் திரைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன். குளிர்ந்த எஞ்சினில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) வந்த கோளாறும், வேகமாக ஏற்றம் ஏறும்போது வந்த கோளாறும் ஒரே எண்ணில் பதிவாகலாம். தேட வேண்டிய இடம் மட்டும் வேறு.

பி0171 வந்தால் ஃபியூவல் ட்ரிம் பாருங்கள். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதுதான் அது. ஷார்ட் டெர்ம் (அந்த நொடியின் திருத்தம்), லாங் டெர்ம் (நாளடைவில் பழகிய திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். கூட்டல், கழித்தல் எதுவானாலும் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. என் காரில் ஐடிலில் 28, 2,500 ஆர்.பி.எம்.மில் 6. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. ஆர்.பி.எம். ஏறும்போது அந்தப் பங்கு சிறுத்துவிடும். ஆகவே இந்த வடிவம் தெரிந்தால் வேக்குவம் கசிவு. குழாய்களைத் தடவிப் பாருங்கள், உஸ்ஸென்ற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள் (ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது). கிடைக்காவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் புகை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் கதை வேறு. ஃபியூவல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைப் பாருங்கள்.

மிஸ்ஃபயர் கோடுகள் எளிது. பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். இக்னிஷனை அணைத்து, அந்த சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மூன்றாவது சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றுங்கள். இப்போது கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் ஸ்பார்க் பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது.

பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம்) வந்ததும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்றச் சொல்பவர்களிடம் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எக்ஸாஸ்டில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஃபயர் கோடு கூடவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் கெடும். பி0455 (பெட்ரோல் ஆவி பெரிதாகக் கசிகிறது) என்றால் பெட்ரோல் டேங்க் மூடியும் அதன் ரப்பர் வளையமும்தான் முதல் வேலை.

வாங்கப் போகிற காருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். பிறகு ஸ்கேனரில் "ரெடினெஸ் மானிட்டர்" பக்கத்தைத் திறங்கள். கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் சோதனைகளில் எவை முடிந்தன என்று அது காட்டும். கோடை அழித்தால் இந்தச் சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தம்பிக்காக ஒரு கார் பார்க்கப் போனபோது கோடு எதுவும் இல்லை. ஆனால் மூன்று மானிட்டர்கள் முடியவில்லை, கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் 6 கிலோமீட்டர். பேட்டரி மாற்றியதாக விற்பவர் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம், பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும். ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு வந்து பார்க்கிறோம் என்றோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் திரும்பிவிட்டோம்.

பழுது பார்த்த பின் கோடை அழித்து, குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட், நெரிசல், சீரான நெடுஞ்சாலை வேகம் எல்லாம் கலந்து சில நாள் ஓட்டுங்கள். மானிட்டர்கள் முடிந்து, பெண்டிங் கோடும் (இன்னும் உறுதியாகாத கோளாறு) இல்லாதபோதுதான் வேலை முடிந்தது. என் காரில் குழாய் மாற்றி ஒரு வாரம் ஓட்டியபின் ஐடில் ட்ரிம் 3. முதலில் கழற்றிப் போட்ட பழைய ஆக்சிஜன் சென்சாரைத் திரும்ப மாட்டி இன்னொரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அதிலும் 3.